ஒன்றைத் தாண்டிய பால்

உருகுவாய், கொலோனியா வால்டென்செ.
ஜூலைக் குளிர், இரவு இரண்டு மணி.
பால் கூட்டுறவின் மூன்றாம் வரிசையில்
குழாய் மூட மறுத்தது.

காவலுக்கு இருந்த எல்பியோ அர்த்தூஸ்
தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
"சுல்மா, உன் கணக்கு தரையில் ஓடுகிறது."

மோட்டார் சைக்கிளில் அவள் வந்து சேர்ந்தபோது
பூனைகள் ஏழு.
எண்ணத் தெரியாதவை
சரியான நேரத்துக்கு வந்திருந்தன.

நிரல் அவள் எழுதியது. நாலே வரி.
ஒரு துடிப்புக்குப் பத்தில் ஒரு லிட்டர்.
கூட்டிக்கொண்டே வா.
ஒன்று ஆனதும்
மூடு.

அரை லிட்டர்ப் பைகளுக்கு
மூன்று வாரம் இம்மி பிசகவில்லை.
இன்றிரவுதான் முதன்முதலாக
ஒரு லிட்டர்ப் பை.

ரப்பர் காலணியோடு பாலில் நின்று
மடிக்கணினியைத் திறந்தாள்.
திரை எப்போதும் இரண்டு இலக்கம் காட்டி
மீதியை மறைத்துவிடும்.
அந்த மரியாதையை நீக்கினாள்.
உள்ளதை எல்லாம் சொல் என்றாள்.

மூன்றாம் துடிப்பிலேயே
பதினேழாம் இடத்தில் ஒரு நான்கு
அழையாத விருந்தாளியாய் உட்கார்ந்திருந்தது.
நான்கில் தெளிந்தது. ஐந்து சுத்தம்.
எட்டில் மறுபடி நழுவல்.
பத்தில்
புள்ளிக்குப் பின் பதினாறு ஒன்பதுகள்
வரிசையாக நின்று
ஒன்றின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.
பதினொன்றில்
ஒன்று பின்னால் போய்விட்டது.

வரவேயில்லை ஒன்று.
அதற்காகக் காத்திருந்தது கட்டளை,
வேலையில் அப்படியொரு பக்தி.

இயந்திரத்துக்குப் பாதி தெரியும்,
பாதியில் பாதி தெரியும்:
அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்.
பத்தில் ஒன்றைக் கேட்டால்
வீசம் போட்டு, அரைவீசம் போட்டு,
இரண்டு படி தாண்டி
இன்னும் இரண்டு துணுக்கு போட்டு,
மறுபடி தாண்டி, மறுபடி போட்டு
இடம் தீரும்வரை இறங்கும்.
தீர்ந்த இடத்தில்
இதுதான் பத்தில் ஒன்று என்று
கூசாமல் நீட்டும்.

"பொய்யா சொல்கிறது?" என்றார் எல்பியோ,
மாத்தேவை உறிஞ்சியபடி.
"இல்லை. அதன் பாஷையில்
அந்தச் சொல் இல்லை."

திருத்தம் ஒரு நிமிட வேலை.
லிட்டரை எண்ணாதே, துடிப்பை எண்ணு.
ஒன்று, இரண்டு, மூன்று,
பத்து வந்ததும் மூடு.
விரல்விட்டு எண்ணுவதுபோல.
பை நிறைந்தது. குழாய் மூடியது.
எல்பியோ தரை துடைக்கும் கட்டையை
அவளிடமே நீட்டினார்.

துடைக்கும்போதுதான் நினைவு வந்தது:
அப்பாவின் நாற்பது ஹெக்டேர்,
மூன்று மகள்கள்.
தலைக்கு ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து
முன்னூற்று முப்பத்து மூன்று சதுர மீட்டர்
என்று எழுதினார் பத்திரக்காரர் ரோஸ்தாஞ்ஞோல்.
கூட்டிப் பார்த்தால்
ஒரு சதுர மீட்டர் யாருக்கும் இல்லை.
அதைச் சுட்டிக் காட்டியது சுல்மா.
பிடித்துக்கொண்டது நீதியா.
பிறகு பேச்சு வேறெங்கோ போய்,
யார் ஆஸ்பத்திரியில் எத்தனை இரவு இருந்தது என்று
அந்தக் கணக்கும் கிளம்பி,
ஆறு வருடம்.

நம் பத்துக்கும்
மூன்றில் ஒன்று வராது.
மூன்று மூன்றாக எழுதிக்கொண்டே போய்
கை வலித்த இடத்தில் நிறுத்துகிறோம்.
நிறுத்திய இடத்துக்கு
வேலி போடுகிறோம்.

மணி நாலே கால்.
பால் பட்ட விரலால் தட்டினாள்:
"அந்த ஒரு சதுர மீட்டரை
நீயே வைத்துக்கொள்."

கறவைக்கு எழுந்திருப்பாள் போல,
பதில் உடனே வந்தது:

"சரி.
எங்கே இருக்கிறது அது?"